நீளமான கனெக்டிங் ராடு போட்டால் பவர் கூடுமா?

கேள்வி இதுதான்: டர்போவோ சூப்பர்சார்ஜரோ இல்லாத இன்ஜினில், சிசியை மாற்றாமல் பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடை மட்டும் நீளமாக்கினால் பவர் எவ்வளவு கூடும்? குறிப்பாக, ஷெவர்லேயின் ஸ்மால் பிளாக் வி8 வரிசையில் 350-ல் (எண், கன அங்குலத்தில் இன்ஜினின் கொள்ளளவு) 5.7 அங்குல ராடைக் கழற்றிவிட்டு 6 அங்குல ராடு போடுவது லாபமா?

ராடின் நீளத்தால் மட்டும் கிடைப்பது அரை சதவீதத்தைத் தாண்டாது. 400 குதிரைத்திறன் இன்ஜின் என்றால் ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. ஒரே இன்ஜினைக் காலையிலும் மதியமும் டைனோவில் (பவர் அளக்கும் கருவி) ஏற்றினாலே அதைவிட அதிக வித்தியாசம் வரும். ஆனாலும் 6 அங்குல ராடு போடுவதில் ஒரு நல்ல பலன் இருக்கிறது. அது பிஸ்டன் வழியாக வருகிறது. அதைப் புரிந்துகொள்ள முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். இந்த விஷயத்தில் வாய்ப்பேச்சு அதிகம், கணக்குப் போட்டவர்கள் குறைவு.

ராடின் நீளம் என்பது கிராங்கில் மாட்டும் பெரிய கண்ணின் மையத்திலிருந்து பிஸ்டனில் மாட்டும் சின்னக் கண்ணின் மையம் வரை. அதை ஸ்ட்ரோக்கால் (பிஸ்டன் மேலிருந்து கீழ் வரை ஓடும் தூரம்) வகுத்தால் ராடு விகிதம். 350-ன் போர் (சிலிண்டரின் விட்டம்) 101.6 மி.மீ., ஸ்ட்ரோக் 88.4 மி.மீ. 5.7 அங்குல ராடு 144.8 மி.மீ., ஆக விகிதம் 1.64. 6 அங்குல ராடு 152.4 மி.மீ., விகிதம் 1.72. அதே குடும்பத்தில் 302-க்கு 1.90, 327-க்கு 1.75, 400-க்கு 1.48. 302 சீறிக்கொண்டு சுற்றும், 400 சீக்கிரம் மூச்சு வாங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைப் பார்த்துத்தான் "விகிதம் கூடினால் பவர் கூடும்" என்ற முடிவுக்குப் பலர் வந்தார்கள். 302-ன் ஸ்ட்ரோக் 76.2 மி.மீ., 400-ன் ஸ்ட்ரோக் 95.25 மி.மீ. என்பதை மட்டும் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார்கள். ஸ்ட்ரோக் குறைந்தால் பிஸ்டன் வேகம் குறையும், ஒரே ஹெட் (வால்வுகள் இருக்கும் மேல்பகுதி) சின்ன சிலிண்டருக்குத் தாராளமாகக் காற்றைக் கொடுக்கும். விகிதம் கூடியது ஸ்ட்ரோக் குறைந்ததால் தானாக வந்த எண். ஃபார்முலா 1-ல் 2006 முதல் 2013 வரை இருந்த 2.4 லிட்டர் வி8-களும் அப்படித்தான். போர் 98 மி.மீ. வரை போகலாம் என்பது விதி. அந்தப் போருக்கு ஸ்ட்ரோக் 40 மி.மீ.க்குச் சற்றுக் கீழே. கிராங்கின் எதிர் எடை பிஸ்டனை இடிக்காமல் சுற்ற ஓரளவு நீளம் எப்படியும் வேண்டும் என்பதால் விகிதம் 2-ஐத் தாண்டிப் போய்விடுகிறது.

இனி 350-ல் இரண்டு ராடையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

நீளமான ராடைப் பற்றி அதிகம் சொல்லப்படுவது, பிஸ்டன் டிடிசி (அது ஏறும் உச்சி) அருகே கூடுதல் நேரம் தங்கும், அதனால் எரிதல் முழுமையாகும் என்பது. தங்குவது உண்மை. எவ்வளவு என்பதுதான் கேள்வி. டிடிசி தாண்டி 20 டிகிரியில், 5.7 ராடில் பிஸ்டன் 3.46 மி.மீ. இறங்கியிருக்கும். 6 அங்குல ராடில் 3.42 மி.மீ. வித்தியாசம் 0.04 மி.மீ.; ஏறக்குறைய ஃபீலர் கேஜின் மிக மெல்லிய தகட்டின் தடிமன். கிராங்க் கோணத்தில் சொன்னால் 0.12 டிகிரி. டிடிசிக்கு முன்னும் பின்னும் சேர்த்து 0.24 டிகிரி. 6,500 ஆர்பிஎம்மில் அது 6 மைக்ரோ செகண்ட். எரிதல் தொடங்கி முடிய 50, 60 டிகிரி ஆகிற இன்ஜினில், ஒரு சுழற்சிக்கும் அடுத்த சுழற்சிக்கும் உச்ச அழுத்தம் வரும் இடமே சில டிகிரி முன்பின் போகிற இன்ஜினில், இந்த 0.24 டிகிரிக்கு எந்த வேலையும் இல்லை. பழைய டிஸ்ட்ரிபியூட்டரின் பொறி இதைவிடப் பல மடங்கு அலைபாயும். நீளமான ராடு போட்டால் இக்னிஷன் டைமிங்கை இரண்டு மூன்று டிகிரி குறைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், அந்த மாற்றம் பிஸ்டன் தலையின் வடிவத்தாலோ கம்ப்ரெஷன் கூடியதாலோ வந்திருக்கும்.

அடுத்தது நெம்புகோல் வாதம். சின்ன ராடுக்காரர்கள், டிடிசி தாண்டிய உடனே கிராங்கை அதிகமாகத் தள்ளும் என்பார்கள். பெரிய ராடுக்காரர்கள், அழுத்தத்தைப் பிடித்து வைத்து 90 டிகிரி பக்கத்தில் தள்ளும் என்பார்கள். 20 டிகிரியில் தள்ளுகரத்தின் நீளம் (பிஸ்டன் விசையோடு பெருக்கினால் டார்க் தரும் தூரம்) 5.7 ராடுக்கு 19.5 மி.மீ., 6 அங்குல ராடுக்கு 19.3 மி.மீ.; சின்ன ராடுக்கு ஒரு சதவீதம் சாதகம். சரியாக 90 டிகிரியில் இரண்டுக்கும் 44.2 மி.மீ., அதாவது கிராங்கின் ஆரம். அங்கே ராடின் நீளத்துக்கு எந்தப் பங்கும் இல்லை. இதைவிட அடிப்படையான விஷயம் ஒன்று உண்டு: ஒரு சுழற்சியில் வரும் வேலை என்பது அழுத்தம்-கன அளவு வரைபடத்துக்குள் அடங்கும் பரப்பு. ஒரு இடத்தில் தள்ளுகரம் நீளமாக இருந்தால் அந்த இடத்தில் பிஸ்டன் வேகமாக இறங்குகிறது, அழுத்தமும் வேகமாக விழுகிறது. ஒரு கையில் வந்தது மறு கையில் போய்விடும். வாயு அதே அழுத்தத்தில் அதே கன அளவுக்கு விரிந்தால் ராடு எவ்வளவு நீளம் என்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை.

காற்று இழுப்பதில்தான் கொஞ்சம் யோசிக்க இடமிருக்கிறது. சின்ன ராடில் பிஸ்டன் டிடிசியிலிருந்து சற்றுச் சுறுசுறுப்பாகக் கிளம்பும். ஹெட்டில் காற்று வரும் வழியான இன்டேக் போர்ட்டில் இழுவை சீக்கிரம் உருவாகும். பிஸ்டனின் உச்ச வேகம் 5.7 ராடில் டிடிசி தாண்டி 74-75 டிகிரியில் வரும். 6 அங்குல ராடில் அரை டிகிரிக்குச் சற்று அதிகமாகத் தள்ளிப்போகும். 6,500 ஆர்பிஎம்மில் அந்த உச்ச வேகம் நொடிக்கு 31.5 மீட்டரிலிருந்து 31.3 மீட்டராகக் குறையும். பிடிசி (பிஸ்டன் இறங்கும் அடிமட்டம்) பக்கத்தில் கதை தலைகீழ்: அங்கே சின்ன ராடுதான் அதிக நேரம் தங்கும், பெரிய ராடில் பிஸ்டன் சீக்கிரம் மேலே திரும்பிவிடும். இன்டேக் வால்வ் பிடிசி தாண்டி 60 டிகிரியில் மூடுகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த நொடியில் டிடிசிக்கு இன்னும் ஏற வேண்டிய தூரம் 5.7 ராடில் 71.45 மி.மீ., 6 அங்குல ராடில் 71.19 மி.மீ. கால் மில்லிமீட்டர். வால்வ் அரை டிகிரி தாமதமாக மூடியதற்குச் சமம். கேம்ஷாஃப்டை டிகிரி வீல் வைத்துப் பொருத்தும்போது ஒரு டிகிரி முன்பின் இருந்தால் போதும் என்று விடுகிறோம். அந்த விட்டுக்கொடுப்பே ராடின் மொத்தப் பாதிப்பை விழுங்கிவிடும்.

ஆகவே பெரிய போர்ட் ஹெட்டுக்குச் சின்ன ராடு, சின்ன போர்ட் ஹெட்டுக்குப் பெரிய ராடு என்ற விதி திசையில் சரி, அளவில் எடுபடாது. போர்ட் பெரிதாகி நடு ஆர்பிஎம் இழுவை போய்விட்டது என்றால் சரியான கேம்ஷாஃப்ட் எடுப்பது, இன்டேக் ரன்னர் நீளத்தைச் சில சென்டிமீட்டர் கூட்டுவது ஆகியவைதான் மருந்து. ராடை மாற்றி அதைச் சரிக்கட்ட முடியாது.

உராய்வு விஷயத்தில் ஒரு நிஜமான லாபம் உண்டு, சிறியதுதான் என்றாலும். ராடு சாயும்போது பிஸ்டன் சிலிண்டர் சுவரின் மேல் பக்கவாட்டில் அழுத்துகிறது. 5.7 ராடின் அதிகபட்சச் சாய்வு 17.8 டிகிரி, 6 அங்குல ராடில் 16.9 டிகிரி. பக்கவாட்டு விசை 5 சதவீதம் போலக் குறையும். 5 சதவீதம் என்றதும் சந்தோஷப்பட வேண்டாம். இது மொத்த உராய்வில் 5 சதவீதம் இல்லை. ஸ்கர்ட்டின் (பிஸ்டனின் கீழ்ப்பக்கச் சுவர்) மேல் விழும் சுமையில் 5 சதவீதம். ஸ்கர்ட் பெரும்பாலான நேரம் எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்துதான் போகிறது; அப்படி மிதக்கும்போது உராய்வைத் தீர்மானிப்பது முக்கியமாக எண்ணெயின் பிசுபிசுப்பும் வேகமும் பரப்பும். 6,500 ஆர்பிஎம்மில் இன்ஜினின் உராய்வு இழப்பைச் சராசரி அழுத்தமாகச் சொன்னால் சுமார் 2 பார். அதில் ஸ்கர்ட்டின் பங்கு அரை பார் கூட வராது. அதில் 5 சதவீதம் என்றால் 0.02 பார். இன்ஜின் தருவது 11, 12 பார். கணக்கை முடித்தால் 0.2 சதவீதத்தில் வந்து நிற்கும். நான் ஆரம்பத்தில் அரை சதவீதத்துக்குள் என்று சொன்னது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

சரி, பிஸ்டனுக்கு வருவோம். விஷயத்தின் சாரம் இங்கேதான் இருக்கிறது.

பிளாக்கின் உயரம் மாறாது. மெயின் பேரிங் மையத்திலிருந்து பிளாக்கின் மேல் தளம் வரை ஸ்மால் பிளாக்கில் 9.025 அங்குலம், 229.2 மி.மீ. அதற்குள் மூன்று பேர் இடம் பிடிக்க வேண்டும்: ஸ்ட்ரோக்கில் பாதி, ராடின் நீளம், பிஸ்டனின் கம்ப்ரெஷன் ஹைட். கம்ப்ரெஷன் ஹைட் என்பது பிஸ்டன் பின்னின் மையத்திலிருந்து பிஸ்டன் தலை வரையுள்ள உயரம். 350-ல் 44.2, 144.8, 39.6, கூட்டினால் 228.6. மீதி 0.6 மி.மீ. டெக் இடைவெளி, அதாவது டிடிசியில் பிஸ்டன் தலைக்கும் பிளாக்கின் மேல் தளத்துக்கும் நடுவே உள்ள இடம். ராடை 7.6 மி.மீ. நீட்டினால் பிஸ்டன் அதே 7.6 மி.மீ. குள்ளமாகி 32 மி.மீ. ஆக வேண்டும். 400-ல் இதையே மறுபக்கம் செய்தார்கள்: கிராங்க் ஆரம் 47.6-க்கு உயர்ந்தது, பிஸ்டன் ஹைட்டைத் தொடாமல் ராடை 5.565 அங்குலத்துக்கு, அதாவது 141.4 மி.மீ.க்குக் குறைத்தார்கள். 47.6, 141.4, 39.6. கூட்டினால் அதே 228.6.

பிஸ்டன் குள்ளமானால் எடை குறையும். வடிவத்தைப் பொறுத்து 40 முதல் 70 கிராம் வரை எதிர்பார்க்கலாம். ராடில் சில கிராம் கூடும். பிஸ்டன், பின், ரிங், ராடின் மேல்பகுதி எல்லாம் சேர்ந்து மேலும் கீழும் ஓடும் எடை ஏறத்தாழ 870 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6,500 ஆர்பிஎம்மில் டிடிசியில் முடுக்கம் 5.7 ராடுக்குப் புவியீர்ப்பின் 2,725 மடங்கு. 6 அங்குல ராடுக்கு 2,693 மடங்கு. வடிவியலால் குறைந்தது 1.2 சதவீதம்தான். ஆனால் 50 கிராமும் சேர்ந்து குறைந்தால் ராடையும் ராடு போல்ட்டையும் இழுக்கும் விசை 23.3 கிலோநியூட்டனிலிருந்து 21.7-க்கு வரும், 7 சதவீதம். எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடியும் டிடிசியில் எதிர்த்துத் தள்ள வாயு அழுத்தம் இல்லாத நேரத்தில் போல்ட் தாங்குவது இந்த விசையைத்தான். ராடு போல்ட் அறுந்து பிளாக்கில் ஓட்டை விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கும். ஆக, நீள ராடு உங்களுக்குத் தருவது இன்னும் இருநூறு ஆர்பிஎம் நிம்மதியாகச் சுற்றும் உரிமை. அந்த ஆர்பிஎம்மில் ஹெட்டும் கேமும் காற்றுக் கொடுத்தால் அது பவராக மாறும். கொடுக்காவிட்டால் வெறும் சத்தம்.

அப்படியானால் 6 அங்குல ராடு போட்டு 15 குதிரைத்திறன் கூடியது என்று டைனோ தாளைக் காட்டுகிறார்களே? தாள் பொய் சொல்லவில்லை. அந்த வேலையில் வேறு என்னென்ன மாறியது என்று பாருங்கள். பழைய பிஸ்டனின் ரிங் 2.0, 2.0, 4.8 மி.மீ.; புதியதில் 1.6, 1.6, 4.8 அல்லது 1.2, 1.2, 2.8. ரிங்கின் இறுக்கம் குறைந்ததால் வரும் உராய்வு லாபம் ராடு விகிதத்தின் லாபத்தைப் போல் பல மடங்கு. சிலிண்டர் புதிதாக ஹோன் (உள்சுவரைத் தீட்டுவது) ஆகியிருக்கும். பிளாக்கின் தளத்தைச் சீவி டெக் இடைவெளியை 0.6-லிருந்து பூஜ்யத்துக்குக் கொண்டுவந்திருப்பார்கள். அந்த 0.6 மி.மீ. ஒரு சிலிண்டருக்கு 4.9 சிசி. 10-க்கு 1 இருந்த கம்ப்ரெஷன் 10.6 ஆகிவிடும். அதற்கே ஒரு சதவீதத்துக்கு மேல் பவர் உண்டு. குவென்ச் இடைவெளி (டிடிசியில் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள இடம்) சுருங்குவதால் நாக்கிங் (எரிபொருள் கலவை தானாக வெடிப்பது) குறைவது தனி. இத்தனையும் சேர்ந்து கொடுத்த பாராட்டை ராடு தனியாக வாங்கிக்கொள்கிறது.

நாஸ்கார் உலகில் பெயர்பெற்ற மெக்கானிக் ஸ்மோக்கி யூனிக், உள்ளே எவ்வளவு நீளம் போகுமோ அவ்வளவு நீள ராடு போட வேண்டும் என்று சொல்லிவந்தவர். அவர் காலத்துப் பிஸ்டன்கள் கனமானவை, ரிங்குகள் தடித்தவை. அந்த நிலையில் நீள ராடு என்றால் தானாகவே இலகுவான பிஸ்டன் என்று பொருள். அறிவுரை சரி; பலன் எங்கிருந்து வந்தது என்பதைப் பின்னால் வந்தவர்கள் மாற்றிப் புரிந்துகொண்டார்கள் என்பது என் கருத்து.

ஹோண்டாவின் இன்ஜின்கள் இதற்கு நல்ல சாட்சி. பி16ஏ-யின் ஸ்ட்ரோக் 77.4 மி.மீ., ராடு 134.4, விகிதம் 1.74, எஸ்ஐஆர்-2 மாடலில் 170 பிஎஸ் (மெட்ரிக் குதிரைத்திறன்). 1997-ல் சிவிக் டைப் ஆர்-க்கு வந்த பி16பி, அதே போர், அதே ஸ்ட்ரோக்; உயரமான பி18சி பிளாக்கை எடுத்து 142.4 மி.மீ. ராடு போட்டார்கள். விகிதம் 1.84, பவர் 185 பிஎஸ். ராடு விகித ரசிகர்கள் மேற்கோள் காட்ட இதைவிட வசதியான ஜோடி கிடையாது. ஆனால் கம்ப்ரெஷன், கேம்ஷாஃப்ட், போர்ட் வேலை எல்லாம் கூடவே மாறின. இன்டெக்ரா டைப் ஆர்-ன் பி18சி-யைப் பக்கத்தில் வையுங்கள்: ஸ்ட்ரோக் 87.2, ராடு 137.9, விகிதம் 1.58. காகிதத்தில் மோசமான விகிதம். அது 8,000 ஆர்பிஎம்மில் 200 பிஎஸ் தந்தது, லிட்டருக்கு 111. பின்னால் வந்த டைப் ஆர் கே20ஏ-யும் 86 மி.மீ. ஸ்ட்ரோக்குக்கு 139 மி.மீ. ராடுதான், விகிதம் 1.62, லிட்டருக்கு 110 பிஎஸ்.

ஹோண்டாவின் எஸ்2000 கார் இன்னும் சுத்தமான உதாரணம். எஃப்20சி-யில் ஸ்ட்ரோக் 84, ராடு 153. எஃப்22சி-யில் ஸ்ட்ரோக் 90.7, ராடு 149.65. கிராங்க் ஆரம் 3.35 மி.மீ. கூடியது, ராடு அதே 3.35 மி.மீ. குறைந்தது; இரண்டிலும் கூட்டுத்தொகை 195. பிளாக் உயரமும் பிஸ்டன் ஹைட்டும் அப்படியே இருக்க வேண்டும் என்று தீர்மானித்தால் ராடுக்கு வேறு வழி இல்லை. விகிதம் 1.82-லிருந்து 1.65-க்கு இறங்கியது. அமெரிக்க மாடலில் 2004-ல் இந்த மாற்றம் வந்தபோது டார்க் 5 முதல் 6 சதவீதம் கூடியது, உச்ச பவர் 240 குதிரைத்திறனிலேயே நின்றது, ஆனால் 8,300-க்குப் பதில் 7,800 ஆர்பிஎம்மில். சிவப்புக் கோடு 9,000-லிருந்து 8,000 பக்கம் வந்தது. ஒரே ஆர்பிஎம்மில் பார்த்தால் டிடிசி முடுக்கம் 10 சதவீதம் கூடியிருக்கிறது. அதில் 8 சதவீதம் ஸ்ட்ரோக்கால், ராடு விகிதத்தின் பங்கு 2 சதவீதம் மட்டும். விகிதம் உறைக்கும் இடம் அதிர்வு. நான்கு சிலிண்டர் இன்ஜினில் கிராங்கின் இரு மடங்கு வேகத்தில் வரும் இரண்டாம் நிலை அதிர்வு, கிராங்க் ஆரத்தின் வர்க்கத்தை ராடு நீளத்தால் வகுத்த அளவுக்கு ஏறும். இங்கே அது 19 சதவீதம் கூடுகிறது. கையில் உணரக்கூடிய மாற்றம் அது. ஸ்மால் பிளாக் மாதிரி வி8-ல் இந்தத் தொல்லை இல்லை.

இனி ராடு நீளத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பது. வரிசை முக்கியம்: முதலில் ஸ்ட்ரோக், பிறகு நல்ல ரிங் அமைப்போடு பிஸ்டன் எவ்வளவு குள்ளமாகலாம் என்பது, கடைசியில் மீதமிருக்கும் இடத்தை நிரப்பும் ராடு.

பிஸ்டனின் கணக்கு இப்படி. மேல் ரிங்குக்கு மேலே 6 மி.மீ. உலோகமாவது வேண்டும், வால்வ் பாக்கெட் ஆழமாக இருந்தால் இன்னும் கூட. மேல் ரிங் 1.2, நடுச் சுவர் 4, இரண்டாவது ரிங் 1.2, அடுத்த சுவர் 2, ஆயில் ரிங் 2.8, ஆயில் ரிங்குக்கும் பின் துளைக்கும் நடுவே 1.5. ஸ்மால் பிளாக் பின் 23.55 மி.மீ., அதில் பாதி 11.8. கூட்டினால் 30.5. ஆக 32 மி.மீ. ஹைட் வசதியானது. 350-ல் 6 அங்குல ராடு பிரச்சினையே இல்லாமல் உட்காருவதற்குக் காரணம் இதுதான். ஆனால் 95.25 மி.மீ. ஸ்ட்ரோக் போட்டு 383 ஆக்கும்போது, 6 அங்குல ராடுடன் ஹைட் 28.6-க்கு வந்துவிடும். பின் துளை ஆயில் ரிங் பள்ளத்தை வெட்டும். அதற்கு ஆயில் ரிங்குக்கு அடியில் ஒரு தாங்கு வளையம் போட வேண்டும். அந்த வளையத்தில் ஒரு சின்னக் குமிழ் இருக்கும். அது பின் துளையின் திறப்புக்கு நேராக, கீழ்நோக்கி உட்கார வேண்டும். தலைகீழாகப் போட்டால் வளையம் சுற்றி, வாய் திறப்புக்கு நேராக வந்து, ஆயில் ரிங் தாங்கலில்லாமல் வளையும். அப்புறம் நீலப் புகைதான். தினமும் ஓட்டும் 383-க்கு 5.7 ராடும் 36.2 மி.மீ. பிஸ்டனும் போடுவதே மேல். ரேஸுக்கு என்றால் 6 அங்குலம் சரி, பிஸ்டன் பின் 7.6 மி.மீ. மேலே இருப்பதால் பிடிசியில் கிராங்கின் எதிர் எடைக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இடமும் கிடைக்கும்.

பிஸ்டன் ஆர்டர் கொடுக்கும் முன் பிளாக்கின் உயரத்தை அளந்தே ஆக வேண்டும், கையேட்டை நம்பக் கூடாது. இரண்டு பக்கத்திலும் முன் மூலை, பின் மூலை என நான்கு இடத்தில் அளக்கவும். பழைய பிளாக்கில் 0.1, 0.2 மி.மீ. சாய்வு சாதாரணம். பிறகு ரிங் இல்லாமல் ஒரு பிஸ்டனை மாட்டி, டயல் கேஜைப் பின்னின் நேர் மேலே, அதன் இரு முனைகளிலும் வைத்து டெக் இடைவெளியை எடுக்கவும். விளிம்பில் வைத்தால் பிஸ்டன் ஆடி அளவு தப்பும். டெக் இடைவெளியும் நசுங்கிய கேஸ்கெட்டும் சேர்ந்து ஸ்டீல் ராடுக்கு 1.0 மி.மீ. வர வேண்டும். 0.9-க்குக் கீழே போனால் உயர் ஆர்பிஎம்மில் பிஸ்டன் ஹெட்டைத் தொடும், 1.5-ஐத் தாண்டினால் குவென்ச் செத்துவிடும், கம்ப்ரெஷன் கூட்டியும் நாக்கிங் வரும்.

கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, ராடு போல்ட் தலைக்கும் கேம் லோபுக்கும், ராடுக்கும் பிளாக்கின் அடி விளிம்புக்கும் 1.5 மி.மீ. இருக்கிறதா என்று எட்டு சிலிண்டரிலும் பார்க்கவும். ஸ்ட்ரோக் கூடிய இன்ஜினில் கேம்தான் முதலில் இடிக்கும். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இன்டேக்கில் 2 மி.மீ., எக்ஸாஸ்ட்டில் 2.5 மி.மீ. நீள ராடு ஓவர்லாப் நேரத்தில் (இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு வால்வும் திறந்திருக்கும்போது) பிஸ்டனை மேலேயே வைத்திருப்பதால் இந்த இடைவெளி குறையும் என்று பயமுறுத்துவார்கள். குறைவது 0.04 மி.மீ. போலத்தான். உண்மையில் இடைவெளியைத் தின்பது புதிய பிஸ்டனின் பாக்கெட் ஆழமும் பிளாக்கைச் சீவியதும்தான்.

கடைசியில் பாலன்சிங். இது தவிர்க்க முடியாத செலவு. ராடு மாற்றுகிறவர்கள் கணக்கில் சேர்க்க மறப்பதும் இதைத்தான். வி8-ல் பாப் வெயிட் (பாலன்ஸ் செய்யும்போது கிராங்க் பின்னில் மாட்டும் மாற்று எடை) என்பது சுற்றும் எடை முழுவதும், மேல்கீழ் ஓடும் எடையில் பாதியும். பிஸ்டன் 50 கிராம் குறைந்தால் ஒரு கிராங்க் பின்னுக்கு இரண்டு பிஸ்டன் கணக்கில் பாப் வெயிட் 50 கிராம் குறையும். எதிர் எடையில் துளை போட்டு எடுத்தால் போதும், மலிவான வேலை. மாறாக எடை கூடினால் டங்ஸ்டன் கலவையைத் துளையில் செலுத்த வேண்டும், பணம் பறக்கும். 400-ன் கிராங்கை எடுப்பவர்கள், அது ஃப்ளைவீலிலும் முன் டாம்பரிலும் எடை வைத்து வெளியிலிருந்து பாலன்ஸ் செய்யப்பட்டது என்பதை நினைவில் வைக்கவும். 350-ன் டாம்பரை அதில் மாட்டினால் மெயின் பேரிங் கொஞ்ச நாளில் போய்விடும்.

கையில் நல்ல 5.7 ராடு இருக்கிறது, பிஸ்டனும் நன்றாக இருக்கிறது என்றால் தொடாதீர்கள். எப்படியும் ராடும் பிஸ்டனும் புதிதாக வாங்கப் போகிறீர்கள், ஸ்ட்ரோக் 88.4-தான் என்றால் 6 அங்குலம் வாங்குங்கள். விலையில் பெரிய வித்தியாசம் வராது, பிஸ்டன் இலகுவாகும். விகிதம் 1.5-க்குக் கீழே போகும் இன்ஜினில் மட்டும் ஸ்கர்ட் தேய்மானத்தைக் கவனிக்க வேண்டும். அங்கும் பிஸ்டன்-சுவர் இடைவெளியும் ஸ்கர்ட்டின் பூச்சும் சரியாக இருந்தால் ஓடும். ஷெவர்லே 400 இன்ஜின் லட்சக்கணக்கான வண்டிகளில் ஓடியது.

ஆர்எக்ஸ்100 மாதிரி டூ ஸ்ட்ரோக்கில் நீள ராடும் சிலிண்டருக்கு அடியில் ஸ்பேசரும் போட நினைப்பவர்களுக்குக் கணக்கு வேறு. 50 மி.மீ. ஸ்ட்ரோக்கில் 100 மி.மீ. ராடை 105 ஆக்கினால், 90 டிகிரியில் பிஸ்டனின் இடம் 0.16 மி.மீ. மாறும், எக்ஸாஸ்ட் போர்ட் திறந்திருக்கும் கால அளவு முக்கால் டிகிரி போலக் குறையும். அது பெரிதில்லை. ஆனால் 50 மி.மீ. போரில் 5 மி.மீ. ஸ்பேசர் கிராங்க் கேஸுக்குள் 10 சிசி இடத்தைக் கூட்டும்; முதல்நிலைக் கம்ப்ரெஷன் அதற்கேற்ப விழும். ஸ்பேசருக்கு மேலும் கீழும் போடும் இரண்டு கேஸ்கெட்டையும் சேர்த்து அளக்காமல் 0.4 மி.மீ. தடிமன் கூடிப்போனால், போர்ட்டுகள் அத்தனையும் 0.4 மி.மீ. உயர்ந்து, எக்ஸாஸ்ட் இரண்டு டிகிரிக்குச் சற்றுக் குறைவாகக் கூடுதல் நேரம் திறந்திருக்கும், பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள ஸ்க்விஷ் இடைவெளியும் அதே அளவு விரியும். ராடு செய்த மாற்றத்தைவிட கேஸ்கெட் செய்வது அதிகம் என்பதால், ஸ்பேசரை லேத்துக்கு அனுப்பும் முன் கேஸ்கெட்டை நசுக்கி அளந்து, அந்தத் தடிமனைக் கழித்துவிட்டுச் சொல்லுங்கள்.